அமலி போனையே பார்க்கிறாள்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் போனைத் திறந்தால் பதினேழு ரோஜாப்பூ. அத்தனையிலும் பனித்துளி. திருச்சி ஜூன் வெயிலில் பனித்துளியைப் பார்த்தவள் எவள் என்று தெரியவில்லை.

தனபாக்கியம் நடத்தும் ‘ட்ரங்க் தோழிகள்’ குழுவின் திருப்பணி இது. டெலிபோன் ஆபீசில் ட்ரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்து வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர்கள், முப்பத்தொரு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வேலையில் இருந்தபோது லீவுக்கும் ஷிப்டுக்கும் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள், இப்போது தினமும் சிவப்பு இதயம் அனுப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் பழைய சூப்பர்வைசர் கதிரேசனுக்கு எண்பது நிறைந்தது. மாலை போட்டு உட்கார வைத்து எடுத்த படத்தை யாரோ குழுவில் போட்டார்கள். பதினொரு பேர் ‘ஆழ்ந்த இரங்கல்’ எழுதினார்கள். ஒருத்தி ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றாள். அந்த மனிதர் அன்று சாயங்காலம் நாச்சியார் கோயில் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு தின்றபடி போனதை நானே பார்த்தேன்.

நான் அதைப் படிப்பதோடு சரி. ஒரு எழுத்து எழுதியதில்லை.

அமலிக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு மெசேஜ்: “என்னடி மங்கை? மெசேஜ் போடு.” முப்பத்தெட்டு வருஷம் போனில் பேசிச் சம்பளம் வாங்கியவளுக்கு இப்போது போன் எடுக்கக் கை வரவில்லை. ஃபேஸ்புக்கில் மட்டும் எண்ணூறு பேரோடு குடித்தனம் நடக்கிறதாம். தனபாக்கியம் சொன்னாள்.

சிலிண்டருக்குச் சொன்னேன். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது இன்றைக்கும் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

தில்லைநகர் ஆஸ்பத்திரி. டாக்டர் பெண்தான். என் மகள் வினோதாவைவிடச் சின்னவளாக இருப்பாள். தொட்டுப் பார்த்தாள், ஸ்கேன் எடுக்க வைத்தாள். “ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்மா. பதினெட்டாம் தேதி வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்றாள்.

“கூட வர ஆள் இருக்காங்களாம்மா?”

“இருக்காங்க” என்றேன்.

வினோதாவிடம் சொல்லப்போவதில்லை. புனேயிலிருந்து அழுதுகொண்டே பேசுவாள், அவளைச் சமாதானம் செய்யும் வேலையும் எனக்குத்தான் வரும். அமலி இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், 1979இல். என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அமலி பாலக்கரையிலிருந்து ஒரு பையில் நாலு புடவையோடு வந்து நாற்பது நாள் என் வீட்டில் இருந்தாள். சமைத்தாள், வினோதாவுக்குத் தலை பின்னினாள், ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி பகல் என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன், கேட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் படம் பிடித்து யாரும் போடவில்லை. யாரும் லைக்கும் கொடுக்கவில்லை. சிநேகிதம் என்றால் அது.

ஜூன் 8, ஞாயிறு

எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தால்.

அமலி பூசை முடிந்து வந்தாள். கோயிலுக்கு எதிரே உள்ள ஓட்டலில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் போனை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து என் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

“என்னைப் படம் எடுக்கறியா?”

“இல்லடி. நீ பேசு” என்றாள். பார்வை என் மேல் இல்லை, போன் மேல். இது புதிதில்லை. ஒரு வருஷமாக இதே கூத்துதான். நான் பேசுவேன், அவள் போனைப் பார்ப்பாள். நான் சொல்லி முடித்துக் கொஞ்சம் கழித்துச் சிரிப்பாள். வெளியூர் அழைப்பு மாதிரி ஒரு இடைவெளி. சில சமயம் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாள்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பூரி தின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். “அமலி, மார்ல கட்டி இருக்குன்னு சொல்றாங்கடி.”

“கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்” என்றாள்.

சத்தமாகவா? பூரி தின்பவர்களும் கேட்கட்டும் என்றா? அதே குரலில் திருப்பிச் சொன்னேன். அவள் போனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சிரித்த முகமாக, “அதுக்கென்னடி, இருந்துட்டுப் போகட்டும். யாராவது வந்தா ஆகும்” என்றாள்.

அதுதான் அவள் சொன்னது. சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலிருந்து “மங்கை, என்னாச்சுடி” என்று கூப்பிட்டாள். ஆட்டோ ஏறினேன். சாயங்காலத்துக்குள் ஆறு மெசேஜ். திறக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் காட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

போர்வைகளைத் துவைத்தேன். அமலி அனுப்பிய மெசேஜ் மொத்தம் பதினான்கு. நேரில் வர முடியாதாம், எழுத முடியுமாம். பாலக்கரைக்கும் உறையூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

போய்ச் சொல்லட்டும், அந்த எண்ணூறு பேரிடம்.

ஜூன் 15, ஞாயிறு

தனபாக்கியத்தின் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் பாதிப் பேர் தட்டைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தைப் பக்கத்து நாற்காலிக்காரிக்கே அனுப்பினார்கள். அவள் அதற்கு ‘சூப்பர்’ என்று பதில் போட்டாள். நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அமலி என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் போன். “என் மேல என்னடி கோபம்?” என்றாள். நான் திரும்பவில்லை. அந்தப் பக்கம் தனபாக்கியம் வந்து நின்று, “என்னா ரெண்டு பேரும் பேசிக்கலையா?” என்று கேட்டாள். மேளம் நின்றிருந்த நேரம். அமலியைத் தாண்டித் தனபாக்கியத்திடம் சொன்னேன், நன்றாக நிறுத்தி, ட்ரங்க் போர்டில் பெயரும் நம்பரும் சொல்வோமே அந்த மாதிரி:

“இவளப் போய் நாப்பது வருஷமா சிநேகிதின்னு நெனச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். மனுஷி பேசறது இவ காதுல ஏறாது. போனுக்குள்ள இருக்கற அனாதைங்களுக்கு லைக் போட்டுக்கிட்டே ஒரு நாள் தனியாச் செத்துக் கெடப்பா.”

அமலி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல் போய்விட்டாள்.

தனபாக்கியம், “கொஞ்சம் ஜாஸ்திதான் மங்கை” என்றாள். அவளும் ஒரு நியாயஸ்தி.

பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மெசேஜ் ஒன்றும் இல்லை. நிம்மதி.

ஜூன் 18, புதன்

ஊசி போட்டாயிற்று. நர்ஸ், “அட்டெண்டர் யாரும்மா?” என்றாள். வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். முடிந்ததும் அவளே கைத்தாங்கலாக வெளியே கொண்டு வந்து, நாற்காலிகளைப் பார்த்து, “எங்கம்மா?” என்றாள். காபி வாங்கப் போயிருப்பார்கள் என்றேன். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து ஆட்டோ பிடித்தேன்.

முடிவு இருபத்தைந்தாம் தேதி.

ஜூன் 20, வெள்ளி

ஃபேஸ்புக்கில் சேர்ந்தேன். ஏன் என்றால், மண்டபத்தில் நடந்ததை அமலி என்னவென்று ஊருக்குச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். என் பெயர் கொடுக்கவில்லை. ‘உறையூர் செல்வி’. படத்துக்கு ஒரு செம்பருத்தி.

அமலோற்பவம் என்று தேடினால் ஊர்ப்பட்ட அமலோற்பவம். ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். மீன் குழம்புப் படம், மாதா படம், மீன் குழம்பு. எல்லாவற்றுக்கும் தனபாக்கியத்தின் கட்டைவிரல். கீழே தள்ளிக்கொண்டே போனேன். போன வருஷம் ஏப்ரலில் நீளமாக ஒன்று இருந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“வணக்கம். என் வயது அறுபத்தாறு. வலது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் வைத்தால் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. நரம்பு போய்விட்டதாம். ஒரு ஹலோவைக் கேட்டால் எந்த ஊர், எந்தப் பெண் என்று சொல்லிவிடுவேன், அப்படி வேலை பார்த்தவள். இப்போது வாசலில் கீரைக்காரம்மா என்ன சொல்கிறார் என்று புரிவதில்லை. என்னைப் போல யாராவது இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.”

இருநூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். திண்டுக்கல்லில் ஒரு ரிடயர்டு வாத்தியார், எதிரே இருப்பவர் பேசப் பேச அதை எழுத்தாகக் காட்டும் ஒரு செயலியைச் சொல்லி, அதைப் போனில் எப்படி வைப்பது என்று வரி வரியாக விளக்கியிருந்தார். ‘பேசுபவர் முகத்துக்கு நேரே நிறுத்துங்கள். மெதுவான குரலில் பேசினால் தப்பாக எழுதும்.’

தனபாக்கியத்தின் கட்டைவிரல் அதற்கும் இருந்தது. போன் செய்தேன்.

“அமலிக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியுமா?”

“என்னா உளர்ற?”

“போன வருஷம் எழுதியிருக்கா. நீ லைக் போட்டிருக்க.”

“அதெல்லாம் யாரு முழுசாப் படிக்கறா? நீளமா இருந்தா அப்பிடியே போட்டுட்டுப் போயிடுவேன்.”

வைத்துவிட்டேன்.

அதற்குக் கீழே வாத்தியாருக்கு அமலி எழுதிய பதில் இருந்தது. வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று அவர் கேட்டிருந்தார். “வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு சிநேகிதி உண்டு. அவளிடம் சொல்லவில்லை. ஆபீசில் காது மந்தமான ஒரு அட்டெண்டர் இருந்தார். அவர் தப்பாகக் கேட்டுக்கொண்டு பதில் சொல்வதை அவள் நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நானும்தான். இன்னொன்று, அவள் பேசுவாள், நான் கேட்பேன், எங்கள் சிநேகிதமே அதுதான். கேட்க முடியாதவளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?”

இந்த மாதம் பதினாறாம் தேதி ஒரே ஒரு வரி. “நேற்றுதான் இந்தச் செயலி ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் எழுதியது.” என்ன ஆயிற்று என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

உளுந்து ஊறப் போட்டிருந்தேன். அரைக்கவில்லை.

ஜூன் 21, சனி

பாலக்கரை. மாடி வீடு. மணியை அடித்தேன். கதவைத் தட்டினேன். திரும்ப மணி. கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “மெசேஜ் போடுங்க, அப்பத்தான் வருவாங்க” என்றாள். கீழ்வீட்டுக்காரிக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையின் முதல் மெசேஜ். ‘வாசலில்’ என்று எழுத அஞ்சு நிமிஷம் ஆயிற்று. அனுப்பினேன்.

கதவு திறந்தது. நைட்டியின் மேல் துண்டு, கையில் போன். என்னைப் பார்த்ததும் போனை எனக்கு நேரே நீட்டினாள். உள்ளே கூப்பிடவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. “அந்த மெஷின் அன்னிக்கு மண்டபத்துல தப்பா எழுதியிருக்கும் அமலி” என்றேன்.

படித்தாள். “இல்ல மங்கை. அன்னிக்கு நல்லாத்தான் எழுதுச்சு.”

அவள் பேசினாள். அவள் இத்தனை பேசி நான் பார்த்ததில்லை. தன் சத்தம் தனக்குத் தெரியாததால் உரக்கப் பேசினாள், தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஒரு வருஷமா உன் எதுத்தாப்புல உக்காந்து போனப் பாக்கறேன். ஏண்டி பாக்கறேன்னு ஒரு தடவ கேட்டியா? திட்டுன. அந்தத் திட்டையும் நான் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். முகம் தெரியாதவன் கேட்டான்டி, சாப்டீங்களாம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு. நீ கேட்டியா?”

“நீ சொல்லலையே.”

“நீ எங்க விட்ட?”

கடைசியில் அவளே, “அன்னிக்கு ஓட்டல்ல எதுக்குடி எழுந்து போன? நான் என்ன தப்பாச் சொன்னேன்?” என்று கேட்டாள். அவள் போனில் பழைய பேச்செல்லாம் தேதி போட்டுக் கிடக்கிறது. எட்டாம் தேதியைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். நான் சொன்னதாக அதில் எழுதியிருந்தது: ‘மாடியில கட்டில் இருக்குன்னு சொல்றாங்கடி.’ இரண்டு தடவை.

திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த இயந்திரத்தை நம்பி இன்னொரு தடவை அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் கையைப் பிடித்து என் ரவிக்கைக்குள் அந்த இடத்தில் வைத்தேன்.

விரல் மெதுவாகத் தடவிப் பார்த்தது. பிறகு, “ஏய். என்னடி இது? என்னடி இது மங்கை?” என்று கத்தினாள். கீழ்வீட்டுக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள். அமலி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். மீன் குழம்பு. ஊரே லைக் போட்டது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜூன் 25, புதன்

அமலி கூட வந்தாள். டாக்டர் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமலி போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய், “அந்தத் துணிய எடுத்துட்டு இதுக்கிட்டப் பேசுங்க டாக்டர். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது” என்றாள். ஒளிவு மறைவு இல்லாமல், ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோல.

டாக்டர் ஃபைலைத் திறந்து, “கேன்சர்தான்மா” என்றாள்.

அவள் நிறைய நேரம் பேசினாள். உதடு அசைந்தது தெரியும். இரண்டு நல்ல காதை வைத்துக்கொண்டு ஒரு சொல் எனக்கு ஏறவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். “புரிஞ்சுதாம்மா?” என்றதற்கும் ஆட்டினேன்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அமலி போனைப் பார்த்து முழுவதும் படித்துக் காட்டினாள். சின்னதுதான். ஆரம்ப நிலை. ஜூலை இரண்டு ஆபரேஷன். கட்டியையும் சுற்றிக் கொஞ்சமும் எடுப்பார்கள், மார்பு முழுதும் எடுக்க வேண்டியதில்லை. அப்புறம் சில வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கணும்.

“நடுவுல ஒரு எடத்துல ‘அக்கா கடைல நெறி காட்டுதா’ன்னு எழுதியிருக்கு. இது என்னன்னு தெரியல. இரு.” எழுந்தாள். உள்ளே வேறு நோயாளி இருந்தார். கதவைத் தட்டாமல் திறந்து நின்று டாக்டரைத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டு வந்தாள். “அக்குள்ல நெறி கட்டுதான்னு பாப்பாங்களாம்.”

வினோதாவுக்கும் அவளே எழுதினாள். என்னைக் கேட்கவில்லை. வினோதா முப்பதாம் தேதி வருகிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. நாளைக் காலை ஆபரேஷன். வினோதா கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அமலி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையிலேயே கேட்டாள். “எங்க ஃபேஸ்புக் ஆளுங்கள உனக்காக வேண்டிக்கச் சொல்லவா?”

“கண்டவங்ககிட்ட என்ன வேண்டுதல்?”

“பேரு போட மாட்டேன்.”

“என்னவோ பண்ணு.”

சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு பேர். கும்பிடு கை, மெழுகுவத்தி, பிள்ளையார், மாதா, பச்சைக் கொடி பறக்கும் ஒரு தர்கா. கை எடுத்துக் கும்பிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முழங்கால் வலியில்லாத பக்தி. அமலி போனை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். வேறு வேலை இல்லாததால் நாற்பத்தாறையும் படித்தேன்.

நாமக்கல்லில் ஒருத்தி. எழுத்துக்கு எழுத்து பிழை. தனக்கும் இதே இடத்தில் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். இப்போது மாடு இரண்டு வைத்துக்கொண்டு தானே பால் கறக்கிறாளாம். ‘பயபடவேண்டாம் அக்கா’ என்று முடித்திருந்தாள். முன்பின் தெரியாதவளுக்கு நான் எப்படி அக்கா ஆனேன்? வயது தெரியுமா அவளுக்கு?

அமலியின் முழங்காலைத் தட்டினேன். எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நான் காட்டியதைப் படித்தாள்.

“பதில் போடணுமா?”

“இவளுக்கெல்லாம் என்ன பதில்?”

“சரி, விடு.”

போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அந்தச் செயலியைத் திறக்கச் சொல்லி, என் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாக, நிறுத்திச் சொன்னேன்.

“பால் கறக்கற அளவுக்குக் கையத் தூக்க எத்தன மாசம் ஆச்சுன்னு கேளு.”